பாலைவனத்துக்கு நல்ல நேரம்

ஸ்ரீரஞ்சனிக்கு வியர்க்கவில்லை.

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றே முக்கால் மணி. பன்னிரண்டுக்குப் போன கரண்ட் இன்னும் திரும்பவில்லை. அந்த நேரத்தில் மயிலாப்பூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ஒரு சமையலறையில் நின்று ஒரு மனுஷி பாத்திரம் தேய்த்தால் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், ஸ்டிக்கர் பொட்டு நெற்றியை விட்டுப் புருவத்துக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டும். இந்த ஊர் நியாயம் அதுதான். அவளோ கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவரைத் தடவின மாதிரி இருந்தது.

முதலில் அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள். ஓசியில் வருவதை யார் வேண்டாமென்பார்கள்? மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போடலாமென்று ஜாடியைச் சாய்த்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. கடற்கரைக்கு இத்தனை கிட்டத்தில் குடியிருப்பவர்கள் வீட்டு உப்பு எப்போதும் கசிந்துதான் கிடக்கும். ஸ்பூன் காம்பால் குத்திப் பெயர்த்தால்தான் வரும். இன்றைக்கு அது ஸ்ஸென்று ஓடி வந்து, டம்ளரை நிரப்பி, மேடையில் வழிந்து, தரையில் சன்னமாகச் சிதறிக்கொண்டே இருந்தது. ஜாடியை நிமிர்த்திய பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கவில்லை.

பத்து நிமிஷத்துக்கு முன் பிழிந்து போட்ட கரித்துணி, முறுக்கின வாக்கிலேயே விறைத்துக் கிடந்தது. காலையில் ஆய்ந்து வைத்த கொத்தமல்லி விரல் பட்டதும் பொடியாய் உதிர்ந்தது. வீடு முழுக்க ஒரு வாசனை வேறு. வெறும் வாணலியை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாசனை. அடுப்பு அணைந்துதான் இருந்தது. தண்ணீர்க் கேனை எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது, அதைப் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

கணவன் சுஹாஸ், நண்பன் வாங்கப் போகும் ஃப்ளாட்டைப் பார்க்கப் பாலவாக்கம் போயிருந்தான். அவனுக்கு ஃபோன் போட்டாள்.

"அங்க வெயில் எப்படி இருக்கு?"

"கடல் காத்து வரும்னு சொன்ன புரோக்கரைத் தேடிண்டிருக்கேன். சட்டையைப் பிழிஞ்சா ஒரு சொம்பு தேறும். ஏன், கரண்ட் வரலையா?"

"வரலை. ஆனா எனக்கு வேர்க்கவே இல்லை, சுஹாஸ்."

"குடுத்து வெச்சவ," என்று சிரித்தான். "ஹம்சினி என்ன பண்றா?"

"தூங்கறா."

இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று வைத்துவிட்டான். அவன் குரல் நின்றதும் வீடு ரொம்ப அமைதியாக இருப்பது தெரிந்தது. தெருமுனையில் இளநீர் வெட்டும் செம்பியனின் அரிவாள் சத்தம் இல்லை. காக்கை இல்லை. எதிர்வீட்டு டீவி கரண்ட் போனதால் இல்லை, அது சரி. ஆனால் லஸ் பக்கமிருந்து எப்போதும் வருகிற பஸ் ஹாரன் எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து குழந்தையின் குரல் வந்தது.

"அம்மா, எந்த மாசம் பெஸ்ட்னு கேக்கறார்."

"யாருடீ?"

"இந்தத் தாத்தா. பாலைவனத்துக்குப் போறதுக்கு எந்த மாசம் பெஸ்ட்னு கேக்கறார்."

ஸ்ரீரஞ்சனி கையிலிருந்த டம்ளரைக் கீழே போடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கம். தி. நகரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வடநாட்டு டூர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற வேலை அவளுடையது. தபால் இலாகாவில் ரிட்டையரான வெங்கடரமணன், இதே மயிலாப்பூர்க்காரர், சென்ற வருஷம் அந்தக் கேள்வியைப் பதினோரு தடவை ஃபோன் போட்டுக் கேட்டிருந்தார். மனைவி ஜானுவோடு ஜெய்சால்மர் போய், மணல்மேட்டில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும்; அதற்கு எந்த மாசம், எந்த நேரம்? டிசம்பர், ஜனவரி என்றாள் இவள். மார்கழியில் கச்சேரி இருக்கே, அதை எப்படி விடறது என்றார் அவர். பிப்ரவரி என்றாள். மச்சினன் பெண்ணுக்குக் கல்யாணம். மார்ச்சில் ஜானுவுக்குக் கண் ஆபரேஷன். இப்படித் தள்ளித் தள்ளி மே மாதத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். மேயில் போவதானால் மணலில் இறங்குவது சாயந்திரம் ஐந்துக்கு மேல்தான் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். மூன்றிலிருந்து நாலரை குளிகை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம். மதியத்துக்கு மேல் மிச்சம் இருந்தது ஒன்றரையிலிருந்து மூன்று.

அன்றைக்கு, டிரைவர்களோடு இந்தியில் பேசி ஏற்பாடு பண்ணுகிற தௌஃபீக் அவள் மேஜைக்கு வந்தான். "மேடம், டிரைவர் முடியாதுன்னுட்டான். மே மாசம் ரெண்டு மணிக்கு மணல்ல எறக்கினா வண்டி மாட்டிக்குமாம், மனுசன் தாங்க மாட்டானாம். வேற டிரைவர் வேணா புடிக்கலாம். ஆனா கஸ்டமர் கைல நீங்க சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்," என்றாள்.

சொல்லவில்லை. சொன்னால் கிழவர் இன்னொரு மணி நேரம் பேசுவார். ஹம்சினியை டான்ஸ் கிளாஸிலிருந்து கூட்டி வர நேரமாகிவிட்டது. பன்னிரண்டாவது ஃபோன் வந்தபோது, "மாமா, ரெண்டு மணிக்கே கிளம்புங்கோ, ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வண்டி மணலில் புதைந்தது. மாற்றுக்குப் பிடித்த டிரைவர் ஆள் தேடிப் போனவன் வரக் காணோம். இருந்த ஒரே பாட்டில் தண்ணீரை ஜானுவின் மடியில் வைத்துவிட்டு, யாராவது தென்படுகிறார்களா பார்க்கிறேன் என்று நடந்த வெங்கடரமணனை மறுநாள் காலையில் ஒரு முட்புதர் ஓரத்தில் கண்டெடுத்தார்கள். "டிரைவர் வேண்டாம்னதை நான் சொன்னேன், அவர்தான் கேக்கலை," என்று ஸ்ரீரஞ்சனி எல்லோரிடமும் சொன்னாள். முதலாளியிடம், தௌஃபீக்கிடம், கடைசியில் ஜானுவிடமே சொன்னாள். ஜானு அழவில்லை. "என் பேச்சைத்தான் கேக்க மாட்டார். உன் பேச்சையுமா கேக்கலை? பிடிவாதம் பிடிச்ச மனுஷர்," என்றாள். திதிக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் புருஷன் படத்தைத் திருப்பி வைத்திருக்கிறாள் என்று கேள்வி.

இது எதுவும் ஹம்சினிக்குத் தெரியாது. அவளுக்கு வயது எட்டு. அவள் காதுபட வீட்டில் யாரும் அதைப் பேசியதே இல்லை.

உள்ளறையில் பச்சைத் திரை சாத்தியிருந்தது. அதன் வழியாகப் பச்சையாக வர வேண்டிய வெளிச்சம் வெள்ளையாக, கண் கூசுகிற வெறும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. கட்டிலில் குழந்தை சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கத்திரியானாலும் கழுத்து வரை போர்த்திக்கொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது. ஆனால் அறையில் இன்னொரு சத்தமும் இருந்தது, ரொம்பச் சின்னச் சத்தம்: நாக்கு வறண்ட ஒருவர் உதட்டைப் பிரித்துப் பிரித்து மூடுகிற சத்தம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமில்லை. அங்கிருந்துதான் வந்தது.

"ஹம்சினி, எழுந்திருடா கண்ணா."

"எந்த நேரம் பெஸ்ட்னு கேக்கறார்."

நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. குழந்தையின் உதடு வெடித்து, வெடிப்பில் கோடாக ரத்தம் காய்ந்திருந்தது. சாப்பிடும்போது அப்படி இல்லை. சத்தியமாக இல்லை.

தண்ணீருக்கு ஓடினாள். கேன் காலி. கவிழ்த்தாள். உள்ளே ஈரம்கூட இல்லை, தூசி. ஃப்ரிட்ஜில் இருந்த மூன்று பாட்டிலும் காலி. குழாயைத் திறந்தாள். காற்று வந்தது. சூடான காற்று. அதில் அந்த வாணலி வாசனை.

வெளியே போய்விட வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூட வேண்டாம், அப்படியே படி இறங்கிவிட வேண்டும். திரும்பி ஓடிவந்து இரண்டு கையையும் குழந்தைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். தூக்க வரவில்லை. இருபத்திரண்டு கிலோ குழந்தை, நேற்றுக்கூட இடுப்பில் வைத்துக்கொண்ட குழந்தை. இழுக்க இழுக்க மெத்தைக்குள் இறங்கினாள்.

விட்டுவிட்டாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். பதில் சொன்னால் போய்விடுவாராக இருக்கும்.

"டிசம்பர், மாமா," என்றாள். "டிசம்பர், ஜனவரி. சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல. அதுதான் நல்ல நேரம்."

"மார்கழியில கச்சேரி இருக்கேங்கறார்."

"பரவாயில்லை. ஒரு வருஷம் விட்டுடுங்கோ. கச்சேரி எங்கேயும் போயிடாது."

உதடு பிரிந்து மூடும் சத்தம். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"டிரைவர் என்ன சொன்னார்னு கேக்கறார்."

பன்னிரண்டு ஃபோனிலும் அவர் கேட்காத கேள்வி அது. அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது, பாவம்.

"வேண்டாம்னார்," என்றாள். "மனுஷா தாங்க மாட்டான்னு சொன்னார். நான் உங்ககிட்ட சொல்லலை, மாமா. சொன்னேன்னு பொய் சொன்னேன்."

வெள்ளை வெளிச்சம். திரை ஆடவில்லை.

"அப்போ என் மேல தப்பு இல்லையேன்னு கேக்கறார்."

"இல்லை. இல்லவே இல்லை." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணீர் வரவில்லை. கண் எரிந்தது.

"ஜானுகிட்ட சொல்லுவியான்னு கேக்கறார்."

"சொல்லிடறேன்."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அதே வார்த்தை. அதே வேகத்தில்.

குழந்தை எதையோ காதுகொடுத்துக் கேட்பவள் போலச் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்தாள். பிறகு, "அன்னிக்கும் இப்படித்தான் சொன்னியாம்," என்றாள். "தனியா நடக்க முடியலையாம், அம்மா. நீ ஜானு பாட்டிகிட்ட சொல்ற வரைக்கும் துணைக்கு யாராவது வரணுமாம். நான் வரேன்னுட்டேன்."

"வேண்டாம்! ஹம்சினி, வேண்டாம்டி, வரலைன்னு சொல்லு!"

அந்த உதட்டுச் சத்தம் நின்றுவிட்டது. அறையில் இப்போது யாரும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

ஃபோன். ஃபோன் எங்கே. மேடையில். ஓடினாள். உப்பில் கால் வழுக்கியது. எடுத்துக்கொண்டு கட்டிலுக்கே திரும்பி வந்தாள். ஜானுவின் நம்பர் ஒரு வருஷமாக அழிக்காமல் இருந்தது. அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். டிரைவர் வேண்டாம்னதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்லை. அவ்வளவுதான். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது.

"ஹலோ," என்றாள் ஜானு. தூக்கத்திலிருந்து எழுந்த குரல். "யாரு, ஸ்ரீரஞ்சனியா?"

ஸ்ரீரஞ்சனி வாயைத் திறந்தாள்.

நாக்கு அசையவில்லை. மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. விரலை விட்டுப் பெயர்க்கப் பார்த்தாள். தோல் கிழிந்தது, நாக்கு வரவில்லை. தொண்டையிலிருந்து காற்று வந்தது. வெறும் காற்று.

"ஹலோ? என்னடீ, பேசேன். ஹலோ?"

காற்று.

"மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கறதுக்குன்னே..." லைன் துண்டித்துக்கொண்டது.

மறுபடி அழுத்த விரலை வைத்தவள் கட்டிலைப் பார்த்தாள். அவள் இழுத்த இழுப்பில் போர்வை கால் பக்கம் விலகியிருந்தது. குழந்தையின் இரண்டு உள்ளங்கால்களும் கட்டில் ஓரத்தில், வெறும் காற்றில், அவளைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

வலது காலின் ஐந்து விரல்களும் விரிந்து எதையோ அழுத்தி ஊன்றின. பாதம் தட்டையாயிற்று. குதிகால் சிவந்தது. எடுத்தது.

இடது கால் ஊன்றியது. அது சிவந்தது.

மறுபடி வலது. பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் எழுந்தது. வெளுத்தது. அடுத்த அடியில் உடைந்தது.

கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது. இடது. வலது. இடது. அவசரமே இல்லாமல், முட்டி வலிக்கிற ஒரு கிழவரின் நடைக்குத் தோதான வேகத்தில்.