புரோமைடு போடாத டெவலப்பர்

எமர்ஜென்சி வந்த வருஷம் நான் கல்யாணமாகிப் போடிக்கு வந்தேன். பஜார் முழுக்க ஏலக்காய் மணம். வீட்டுக்குள் காலை வைத்ததும் அந்த மணம் போய், புளித்த மருந்து வாடை அடித்தது. முன்பக்கம் ஸ்டூடியோ, பின்பக்கம் வீடு, நடுவில் சன்னல் இல்லாத இருட்டறை. சுவரெல்லாம் படங்கள். ஏலக்காய் வியாபாரிகள், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பெண், குப்புறக் கவிழ்ந்த குழந்தைகள். என் வீட்டுக்காரரின் முதல் சம்சாரம் அன்னத்தாயின் படம் எங்கே என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி ஊரையே படம் பிடித்தவர். கட்டினவளைப் பிடிக்க மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

"அவளும் கேட்டுக்கிட்டேதான் கெடந்தா. நாளைக்கு எடுப்போம், நாளைக்கு எடுப்போம்னு சொல்லிட்டேன்" என்றார், புதுப்பெண்ணான என்னிடம்.

அன்னத்தாய் காய்ச்சலில் கிடந்த கடைசி நாள் மழை கொட்டியிருக்கிறது, கரண்டும் இல்லை. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறார். அந்தப் பிலிமைக் கழுவாமல், கறுப்புத் தாளில் சுற்றி, காபித்தூள் டப்பாவில் வைத்திருந்தார். வெளிச்சம் போதாத படம். வழக்கமான டெவலப்பர் மருந்தில் கழுவினால் வெறும் பிலிம்தான் மிஞ்சும். கழுவுவதும் ஒரு தடவைதான். அதனால் டெவலப்பரையே மாற்றிக் கூட்டுகிறேன் என்று இருட்டறையே கதியாகக் கிடந்தார்.

எல்லா ஸ்டூடியோக்காரர்களும் அப்போது ஒரே பழைய மருந்துக் கூட்டைத்தான் வைத்திருந்தார்கள். மெட்டால், ஹைட்ரோகுயினோன், சல்பைட், சோடா, கடைசியாக ஒரு சிட்டிகை புரோமைடு. வெளிச்சம் பட்ட இடத்தை மற்ற மருந்துகள் கறுப்பாக்கும். படாத இடத்தைக் கறுக்க விடாமல் பிடித்து வைப்பது புரோமைடு. இவர் மெட்டாலைக் கூட்டினார், சோடாவை மாற்றினார், ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் மழைத்தண்ணீரில் கரைத்தார். எனக்கு எல்லாம் அத்துப்படி. எங்களுக்குள் பேச வேறு என்ன இருந்தது?

ஒரு மத்தியானம் வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"புரோமைடுதான் அவளத் தடுக்குது. அத எடுத்துரப் போறேன்."

"வெளிச்சம் படாததெல்லாம் வந்துருமேங்க."

"வரட்டும்."

புதுக் கூட்டை முதலில் வாடிக்கைக்காரர்கள் தலையில்தான் சோதித்தார். மலைத்தோட்ட வேலைக்குப் போகும் அக்கம்மாள், மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட வேண்டும் என்று மகள் பாண்டியம்மாளை உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போயிருந்தாள். வாங்க வந்த அன்று படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, எம் மகளத்தான உக்கார வச்சோம்? பின்னாடி ஈரத்தலையோட நிக்கிறாகளே, இவுக யாரு?"

நான் வாங்கிப் பார்த்தேன். படம் முழுக்கப் புகை மூட்டம். நாற்காலிக்குப் பின்னால் வெளிறிய பெண் உருவம். முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. செத்தவளைக் கடைசியாகக் குளிப்பாட்டித் துவட்டாமல் விட்ட முடி.

அவர் எட்டிப் பார்த்தார்.

சிரித்தார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முகத்தில் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. எனக்குப் பேயைவிட அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில், "லதா, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வா. ஒன்னய எடுக்கணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையால் என் முகம் ஒரு படத்தில் விழாதா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். கல்யாணச் சேலை கட்டி, மல்லிகை வைத்து, பவுடர் போட்டுப் போய் உட்கார்ந்தேன். அவர் கண் என் தோளுக்கு மேலேயே இருந்தது.

படம் காய்ந்ததும் ஆசையோடு போனேன். அதில் நான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தேன். என் தோள்மேல் ஒரு கை. பின்னால் அவள் முகம், மூக்குத்தித் தழும்பு வரைக்கும் தெளிவாக.

அவர் கத்திரியை எடுத்தார். என்னை வெட்டிக் கீழே போட்டுவிட்டு அவளை மட்டும் சுவரில் ஒட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் என்னை உட்கார வைத்தார். அவளை வரவழைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தினமும் அவள் தெளிந்தாள், நான் மங்கினேன். முறத்தில் வைத்த வெற்றிலை மாதிரி என் முகம் வாடிவருவதாகப் பக்கத்துக் கடை செல்வமணி அண்ணன்கூடச் சொன்னார். என் வீட்டுக்காரர் கண்ணில் அது படவில்லை.

பிறகுதான் டப்பாவில் இருந்த அந்தப் பிலிமைக் கழுவும் நாள் வந்தது. உச்சி வெயில் நேரம். கதவைச் சாத்தினால் இருட்டறையில் கை விரல் தெரியாது. துணைக்கு என்னை உள்ளே நிறுத்தினார்.

தட்டில் மருந்து அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

சொட்டு... சொட்டு... என்று எங்கோ நீர் விழுந்தது.

என் கையை ஒரு கை பிடித்தது. ஈரமாக, சில்லென்று. பயப்படாதே என்று அவர்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பாழாய்ப்போன மனசு, அந்த இருட்டிலும் குளிர்ந்துபோனது.

"இன்னும் கொஞ்சந்தான்" என்றார் அவர்.

குரல் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

கையை உதறினேன். அந்தக் கை என்னை விடவில்லை. பிலிமைக் கழுவி முடித்து அவர் சிவப்பு விளக்கைப் போட்டபோது என் பக்கத்தில் யாரும் இல்லை. தரையில் மட்டும் நீர் தேங்கியிருந்தது.

பிலிம் காய்ந்ததும் பிரிண்ட் போட்டார். தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் கட்டில் வந்தது. பிறகு அரிக்கேன் விளக்கு. போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு சேலைத் தலைப்பு. என் கல்யாணச் சேலை.

கட்டிலில் படுத்திருந்தது நான்.

அவர் தட்டை அப்படியே கவிழ்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை, பயமும் இல்லை. வெறும் கோபம்.

"அவ எடத்துல நீ எதுக்குடி போய்ப் படுத்த?"

அன்றைக்கே பஸ் ஏறி ஜெயமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் தேடி வரவில்லை. ஏன் வரப் போகிறார்? அவருக்குச் சுவர் நிறைய அவள் இருக்கிறாள்.

சர்ச் பாலர் பள்ளியில் வேலை கிடைத்தது. அதற்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு தம்பி பொன்னுராஜோடு பெரியகுளத்துக்குப் போனேன். அங்கே ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவரிடம், "டெவலப்பருல புரோமைடு போடுவீகளா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது போடாம எப்படிம்மா?"

எனக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பொன்னுராஜ் உறையைப் பிரித்தான். "நல்லா விழுந்திருக்கக்கா" என்றான்.

படத்தில் புகை இல்லை, மூட்டம் இல்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை. நாற்காலியில் அன்னத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே பொன்னுராசு, நல்லாப் பாரு. இது யாரு?"

"என்னக்கா கேள்வி இது? நீதான்" என்றவன் என் முதுகைப் பார்த்து முகம் சுளித்தான். "தலையத் தொவட்டிட்டு வரக்கூடாதா? ரவிக்கையெல்லாம் நனைஞ்சு சொட்டுது பாரு."

நான் அன்றைக்குத் தலைக்குக் குளிக்கவே இல்லை.