மேடைக்குள் போன கார்

"கோபிகா, கார் உள்ளுக்குப் போட்டுது!"

நிர்மலன் கணினி அறை வாசலில் நின்று அழுதான். உள்ளே இருந்த கோபிகா எழுந்தோடி வந்தாள்.

அது உள்ளங்கை அளவு ரோபோ கார். நெல்லியடிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து மக்டலீன் ரீச்சர் கையெழுத்து வைத்து இரவல் வாங்கியது. மூன்று மணி பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும். இப்போது இரண்டரை.

"எங்கை விட்டனி?"

"மண்டப மேடைக்குக் கீழை. ஓட்டைக்குள்ளாலை போகுதோ எண்டு பார்த்தன். போட்டுது. கை எட்டேல்லை."

"என்ன கட்டளை குடுத்தனி?"

"ஞாபகமில்லை!"

காரை இயக்க அவன் கொண்டுபோயிருந்த மடிக்கணினியை வாங்கிக்கொண்டு கோபிகா மண்டபத்துக்கு ஓடினாள். திரையில் அவன் கொடுத்த கட்டளைகள் எல்லாம் இருந்தன, மேசையில் அடுக்கிய கொப்பிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக. உச்சியில் '5 முன்'. அதன் கீழே 'இடம்', '12 முன்', 'வலம்'. அடியில் '20 முன்'.

"அழாதை. உது அடுக்கு. நீ கடைசியாச் சொன்னதுதான் மேலை கிடக்கு. மேலையிருந்து ஒண்டொண்டா எடுத்து எதிர்மாறாச் செய்தால் கார் வந்திடும்."

"அடியிலை கிடக்கிறதை முதல் எடுக்கேலாதோ?"

"வரிசையா இலக்கம் போட்ட பெட்டியள் மாதிரி அணி எண்டால், எத்தினையாவது பெட்டி எண்டு சொல்லி எடுக்கலாம். அடுக்கிலை மேலை உள்ளதுதான் முதல்."

புதுக் கட்டளைகளும் மேலே ஏறிவிடாமல் பதிவை நிறுத்தினாள். உச்சியில் இருந்ததை எடுத்தாள். '5 பின்' என்று கொடுத்தாள். உள்ளே கார் உறுமியது.

அடுத்து 'இடம்'. அவசரத்தில் அப்படியே 'இடம்' என்று கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. எழுந்து மேடையைப் பார்த்து நின்று இடப்பக்கம் திரும்பினாள். மறுபடியும் இடப்பக்கம் திரும்பினாள். முகம் பின்சுவரைப் பார்த்தது.

"ஐயோ, பிழை! வலம் எண்டெல்லோ குடுத்திருக்க வேணும்!"

"இப்ப?"

"இரண்டு தரம் வலம். ஒண்டு என்ரை பிழைக்கு, மற்றது நீ குடுத்த 'இடம்' கட்டளைக்கு."

பிறகு '12 பின்'. பிறகு 'இடம்'. கடைசியாக '20 பின்'.

அடுக்கு வெறுமையாகிவிட்டது. இருவரும் குனிந்து ஓட்டையையே பார்த்தார்கள்.

முதலில் ஒரு சக்கரம் தெரிந்தது. பிறகு முழுக் காரும் ஒட்டடையைப் போர்த்திக்கொண்டு பின்பக்கமாக வந்து சேர்ந்தது.

"அப்பாடா!" கோபிகா நிலத்தில் மல்லாந்து விழுந்தாள். நிர்மலன் மறுபடியும் அழுதான்.

"இப்ப ஏன் அழுறாய்?"

"இது வேறை அழுகை!"

அந்த நேரம் ரீச்சர் காரின் வெறும் பெட்டியுடன் வந்தார். காரைப் பார்த்தார். ஒட்டடையைப் பார்த்தார்.

நிர்மலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தான்.

"நான்தான் ரீச்சர் உள்ளுக்கு விட்டனான். கோபிகாதான் வெளியிலை எடுத்தவள்."

ரீச்சர் காரை ஊதித் துடைத்து, நான்கு சக்கரங்களையும் சுற்றிப் பார்த்தார். பிறகு பெட்டியில் வைத்து மூடி, நிர்மலனின் கையிலேயே கொடுத்தார்.

"அப்ப பஸ் வரைக்கும் நீயே தூக்கிக்கொண்டு வா."

வழியெல்லாம் கல் உதைத்துக்கொண்டே நடக்கிற நிர்மலன், அன்று பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஒரு கல்லைக்கூட உதைக்கவில்லை.