பதில் தட்டு

மின்வெட்டு தொடங்கி வெகுநேரமாகியிருந்தது. போதாததற்கு மெயின் பியூசையும் கழற்றி இருளப்பன் தன் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்தான். அப்படியிருந்தும், மொட்டைமாடியில் பெயர்த்து நகர்த்திய பழைய ஏசி மெசினின் அடியில், கட்டடத்துக்குள் இறங்கும் அகலத் தகரக் குழாயின் வாயிலிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு வந்தது. பகல் வெயிலில் இளகிய தார் இன்னும் செருப்பைப் பிடித்திழுக்க, கணுக்காலில் மட்டும் சில்லிட்டது.

"வலன்ரைன் அண்ணே, இதுல கைய வச்சுப் பாருங்களேன்."

வலன்ரைன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே குனிந்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை சுமந்து, முதுகு போனபின் இந்த ஏசி வேலைக்கு வந்தவன்.

"கடல் காத்துடா. கீழ ஜன்னல் வழியா ஏறி வருது."

"இந்தக் குழாய் மூணாம் மாடிக்கு மட்டும்தானே போகுது. அங்க ஜன்னலெல்லாம் பலகை அடிச்சிருக்கே."

"அந்த மாடியப் பத்திக் கதைக்காத."

இலக்கத்தகடு இல்லாத வேன்கள் வந்துபோன மாடி அது. யார் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம்தான் காலி செய்து, கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது கட்டடம் முழுவதையும் ஓர் உடுப்புக் கம்பனி எடுத்திருந்தது. பழைய மெசின்களை இறக்கிப் புதியவற்றை ஏற்ற நாளைக் காலை கிரேன் வரும்.

"இருட்டப் போகுது, லாந்தர் எடுத்திட்டு வாறன்," என்றான் வலன்ரைன். "அதுக்குள்ள அந்தக் குழாய் வாயத் தகரம் போட்டு மூடு. பயத்தில கீழ குதிச்சிடாத, நாளைக்கு உந்த மெசினை நான் தனியத் தூக்கேலாது."

சிரிப்பும் செருப்புச் சத்தமும் படியில் இறங்கித் தேய்ந்தன. சாந்த லூசியா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. ஊரே இருட்டிக் கிடக்க, துறைமுகத்தில் மட்டும் கப்பல் விளக்குகள். இருளப்பன் மூடுதகரத்தை இழுத்து வந்து குழாயின் முன் மண்டியிட்டான். டெட்டோல் வாசம் வந்தது. அதற்கடியில் மூத்திரமும் ஈரச் சாக்கும். அதற்கும் அடியில், மயிர் கருகிய நாற்றம்.

உள்ளே யாரோ தட்டினார்கள்.

டக் டக். டக்.

யோசிக்கும் முன்னே அவன் கை ஸ்பானரால் குழாய் விளிம்பில் ஒருமுறை தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் உடம்பு விறைத்தது.

அது இருளப்பனும் தம்பி அழகுமுத்துவும் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்பாடு. நோர்வூட் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒன்றாக வந்து ஒரே வேலை பார்த்தவர்கள். மெசின் பெல்ட்டில் சிக்கி அழகுமுத்துவின் வலது ஆள்காட்டி விரல் பாதியாகப் போன அன்று பேசிக்கொண்டார்கள். மெசினுக்குள் போனவன் அப்படித் தட்டினால், ஆள் இருக்கு, சுவிட்ச் போடாதே என்று பொருள். வெளியே நிற்பவன் ஒருமுறை பதில் தட்டவேண்டும். பதில் தட்டு காதில் விழும்வரை உள்ளே இருப்பவன் அசையமாட்டான். கேட்டதும் வெளியே வந்து மற்றவன் தோளில் கை வைப்பான்.

போன வருட இராணுவச் சுற்றிவளைப்பில் அழகுமுத்துவை விடுதியிலிருந்து கொண்டுபோனார்கள். எந்தப் பொலிசிலும் அவன் பெயர் இல்லை. ஏதோ தடுப்புக் காம்பில் இருக்கிறான், வந்துவிடுவான் என்று தோட்டத்திலிருக்கும் அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி, இருளப்பனுக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் அம்மா சோறு தின்றாள்.

குழாய்க்குள் தகரம் அமுங்கி மீண்டது. பாரம் ஏறும்போது வரும் சத்தம். ஒரு முழம் மேலே இன்னொன்று. பிறகு இன்னொன்று. வாய்வரை வந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

அவன் தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பவில்லை. கண்ணை மட்டும் சாய்த்தான். ஈரக்கை. நகங்கள் இல்லை. விரல்கள் ஐந்தும் முழுசு.

அவனில்லை. என் தம்பியில்லை. அந்த நேரத்திலும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம் குதித்தது.

கீழே மறுபடி தட்டினார்கள். ஒருவரல்ல. குழாயின் நீளத்துக்கும், வளைவுகளுக்கு அப்பாலும். எல்லாம் ஒரே தட்டு. டக் டக். டக்.

இந்தத் தட்டுத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் இங்கே மண்டியிட்டிருக்கிறான். அப்படியானால் இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சந்தோசம் செத்தது.

பதில் தட்டினான். இடது தோளில் ஒரு கை. தட்டினான். பிடரியில் ஒன்று. முதுகில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆள்காட்டி விரலைத் தேடினான். கண்ணால். முடியாதபோது தோலால். எல்லாம் முழுசு.

பாரம் தாங்காமல் நெற்றி குழாய் விளிம்பைத் தொட்டது.

தட்டுகள் அடங்கின. ஒன்று மட்டும் மிஞ்சியது. எல்லாரையும் முன்னே அனுப்பிவிட்டு, ஆழத்தில், அவசரமில்லாமல்.

டக் டக். டக்.

பதில் தட்டாவிட்டால் வரமாட்டான். வராவிட்டால் காம்பில் இருக்கிறான். அம்மா நாளைக்கும் சோறு தின்பாள். இருளப்பன் ஸ்பானரை வயிற்றோடு இறுக்கிக்கொண்டான். உதட்டைக் கடித்தான். ரத்தம் கரித்தது.

டக் டக். டக்.

காத்திருந்தது. மறுபடி தட்டியது. அண்ணன் வெளியே நிற்கிறான் என்று நம்பித் தட்டியது.

தட்டினான்.

தகரம் அமுங்கி மீண்டது. அருகே. இன்னும் அருகே. முதுகில் கிடந்த கைகளெல்லாம் வழிவிடுவதுபோல ஒதுங்கின.

விளிம்பைக் கருத்த விரல்கள் பற்றின. ஒன்று பாதியில் முடிந்திருந்தது.