சுமைவிருந்து

தொங்கூரில் ஒரு வீட்டில் விருந்து என்றால் அழைப்பிதழில் மூன்று செய்திகள் இருக்கும்: நாள், நேரம், விருந்தாளி குறைந்தது எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பது. ஒல்லியான உறவினர்களுக்கு இதில் தீராத மனக்குறை உண்டு.

நிலவின் தரைக்கு அடியில், எரிமலைக் குழம்பு ஓடி வற்றிப்போன ஒரு நீண்ட குகைதான் தொங்கூர். தரை அடிக்கடி நடுங்கும் என்பதால் வீடுகளைத் தரையில் கட்டாமல், மேற்பாறையிலிருந்து வீட்டுக்கு ஓர் எஃகு வடம் என்று தொங்கவிட்டிருந்தார்கள். வாசலுக்கு வாசல் போய்வர ஒரு நடைபாலம். மூச்சுவிடும் காற்று குழாயில் அளந்து வரும். அதற்கு வீசத் தெரியாது.

ஒரு வீட்டில் புதிதாக ஓர் ஆள் சேர வேண்டுமானால் அந்த வீட்டு வடம் மெய்ப்புச் சுமையைத் தாங்கிக் காட்ட வேண்டும். ஆள், தட்டுமுட்டு எல்லாம் சேர்த்து அனுமதித்த எடையைப் போல் ஒன்றரை மடங்கை இருபது நிமிடம் ஏற்றி இறக்குவார்கள். இறக்கியதும் வடம் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். மயிரிழை நீண்டு நின்றாலும் தோல்விதான். எடைக்குக் கல்லை வைக்கக்கூடாது, மனிதர்களே நிற்க வேண்டும் என்பது ஊரைத் தொடங்கியவர்கள் வைத்த சட்டம். கல்லுக்கு உயிர்ப்பயம் கிடையாது. தன் சித்தப்பா நிற்கப்போகிறார் என்றால்தான் வடம் முறுக்குகிறவன் ஒழுங்காக முறுக்குவான் என்று அவர்கள் நினைத்தார்கள். பாவம், நல்ல மனிதர்கள்.

தில்லைநாயகிக்கு ஐந்தாம் மாதம். சோதனையில் வடம் தோற்றால், புது வடம் வரும்வரை அவளும் கணவன் குணாளனும் தரைக் கொட்டடியில் இருக்க வேண்டும். வடத்துக்கு மூன்று வருடக் காத்திருப்பு. கொட்டடியில் நடுக்கத்தில் இடிந்த சுவர்களை அவள் பார்த்திருக்கிறாள். போதாததற்கு, நாற்பது ஆண்டுகளாக ஊரில் ஒரு வீடுகூடத் தோற்றதில்லையாம். அந்தச் செய்தி அவளுக்கு ஆறுதலாக இல்லை, முதலில் தோற்கும் வீடு தங்களுடையதாகிவிடுமோ என்று பயந்தாள்.

அதனால் விருந்துக்கு முதல் நாள் மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு, இருவரும் ஒரு வேலை செய்தார்கள். விருந்தாளிகள் முப்பத்தாறு பேரின் எடைக்குக் குணாளன் சரளை மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினான். வடம் முனகக்கூட இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம்.

"இன்னும் பத்து மூட்டை ஏத்துங்க," என்றாள் நாயகி. "நம்ம மனசுக்கு ஒரு தெம்பு."

எட்டாவது மூட்டையில் மேலே எங்கோ மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இருவரும் பதறிப்போய் மூட்டைகளை இறக்கினார்கள். வீடு மேலேறியது, ஆனால் முழுக்க ஏறவில்லை. நடைபாலத்துக்குச் சமமாக இருந்த வாசற்படி இப்போது நாலு விரல் தாழ்ந்து நின்றது. குணாளன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். நாயகிக்கு அழுகை முட்டியது.

மறுநாள் முதல் ஆளாக வந்தவள் அடுத்த வீட்டு ரஞ்சிதம். கையில் துணி சுற்றிய பரிசு. பிரித்தால் ஒரு சரிவுப்பலகை. ரஞ்சிதம் வாசலில் குனிந்து அதைப் பாலத்துக்கும் படிக்கும் நடுவே வைத்தாள். நாலு விரல் உயரம், அளந்து வெட்டினாற்போல் பொருந்தியது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள் நாயகி.

"எங்களுக்கும் யாரோ குடுத்ததுதானேம்மா," என்று சொல்லிவிட்டு ரஞ்சிதம் பாயசத்தை விசாரித்தாள்.

நாயகி தெருவைப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் சரிவுப்பலகை. இத்தனை வருடமும் அதை ஓர் அலங்காரம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

சோதனை நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் கதவோரத்திலேயே நின்று சாப்பிட்டார்கள். உள்ளே கூப்பிட்டபோது, இங்கேயே காற்றாக இருக்கிறது என்று பணிவாக மறுத்துவிட்டார்கள். எவ்வளவு மரியாதை தெரிந்த ஜனங்கள் என்று நாயகிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. எல்லோரும் இறங்கியதும், சோதனை செய்யும் இயந்திரமான அளவர் அறிவித்தார்: வடம் நீண்டது சுழியம், முதல் தரம்.

நாயகிக்கு மனம் ஆறவில்லை. சுழியம் என்றால் வடம் நன்றாக இருப்பதாகத்தானே அர்த்தம் என்று கேட்டாள்.

"நீளாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு," என்றார் அளவர். "வடம் நல்லதாக இருக்கலாம். அல்லது இதைவிடப் பெரிய சுமையை ஏற்கெனவே ஏற்றி, நீள வேண்டியதை அது முன்பே நீண்டு முடித்திருக்கலாம். அப்படிப்பட்ட வடம் சோதனையில் விறைப்பாக நிற்கும். ஆபத்துக்கென்று அதனிடம் இருந்த தெம்பு மட்டும் குறைந்திருக்கும். இன்றைய அளவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்."

"அப்ப பழைய அளவை எடுத்துப் பாத்தா தெரியுமே?"

"பார்த்தேன். பதிவேட்டைவிட நாலு விரல் அதிகம். ஆனால் இந்தத் தெருவில் நாற்பத்தொரு வீட்டிலும் அப்படியே இருக்கிறது. அத்தனை பேரும் தவறாக இருக்க முடியாது அல்லவா? பதிவேட்டைத் திருத்திவிட்டேன்."

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். நாயகி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். கொட்டடிச் சுவர்கள் கண்முன் வந்தன. அளவர் சான்றிதழை நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். ஊரார் வடங்களெல்லாம் இத்தனை சிறப்பாகத் தேறுவதால் அடுத்த ஆண்டு முதல் இப்போதைவிடக் கூடுதலாக, வீட்டுக்கு ஐந்து பேர் வரை அனுமதி என்ற நல்ல செய்தியையும் அளவரே சொன்னார்.

மூன்றாம் வாரம் ரஞ்சிதத்தின் மாமியார் குடிவருவதற்காக அவர்கள் வீட்டில் சுமைவிருந்து. வந்தவர் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? இப்போது இருவர் எடையாக இருந்த நாயகிக்குத் தனி வரவேற்பு. ரஞ்சிதம் பரிமாறிக்கொண்டே, "புள்ளத்தாச்சி நிக்கலாமா? நடுவுல போய் உக்காரு நாயகி," என்றாள்.

"இருக்கட்டும்க்கா. இங்கயே காத்தா இருக்கு."

சொன்ன பிறகுதான் தன் குரல் நாயகிக்கே கேட்டது. சுற்றிலும் பார்த்தாள். முப்பத்தைந்து பேர் தட்டும் கையுமாகக் கதவை ஒட்டி நெருக்கியடித்து நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பரிமாறுகிற ரஞ்சிதம் கரண்டியை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு, வெளியே நடைபாலத்தில் நின்றிருந்தாள்.

வீட்டின் நட்டநடுவில், சான்றிதழ்களை நம்பி, அளவர் மட்டும் தனியாக நின்றிருந்தார்.