கரைமணி

டெனிஷின் இடது செருப்பு வார் அறுந்துவிட்டது. விசைப்படகுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவன் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்த அபினா, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி வாரைச் சேர்த்துக் குத்திக் கொடுத்தாள்.

"உப்புக்காத்தில இது நாலு நாளு தாங்காது. துருப்பிடிச்சிரும். வந்ததும் புதுசு வாங்கணும், கேட்டியளா?"

"துருப்பிடிக்கதுக்கு உள்ள வந்திருவேன்ட்டி."

தெருமுனை வரை போனவன், படகில் செருப்பு எதற்கு என்று திரும்பி வந்து, படியில் அதைக் கழற்றிப் போட்டான். "இப்படியே கெடக்கட்டு. எடுத்து உள்ள வச்சிராத. வந்ததும் காலை நொழைக்கணும்." பிறகு வெறுங்காலோடு துறைமுகம் பார்த்து நடந்தான். அவள் மீன் கழுவிய தண்ணீரை முருங்கை மூட்டில் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து விடியலில் கடிகாரம் அவளை எழுப்பியது. அலாரம் இல்லை, சுவர்க்கடிகாரத்தின் முள் நகரும் சத்தம். கலியாணம் முடிந்து அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் அதைக் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பானையைச் சுரண்டினார்கள். குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. எங்கோ ஒரு கோழி மண்ணைக் கிளறியது. ஒவ்வொரு சத்தமும் தனியாக, கிட்டத்தில், கழுவி வைத்த பாத்திரம்போல் கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இரவும் பகலும் விரித்துக் கிடந்த ஒன்றை யாரோ சத்தமில்லாமல் உருவி எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. என்ன என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

அலை அடிக்கவில்லை.

மாமனார் யேசுரத்தினம் கடற்சுவரின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கடல் இல்லை. சேறு இருந்தது. பாறை இருந்தது. வாய்பிளந்த மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துடித்துக்கொண்டிருந்தன. அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கருத்த சரிவு, இறங்கி இறங்கிப் போய் மூடுபனிக்குள் மறைந்தது. சுனாமியைப் பார்த்த கிழவர் அவர். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஓடு மக்கா. திரும்பி வரும்."

ஊரே ஓடியது. குளச்சலிலிருந்து தக்கலை, தக்கலையிலிருந்து குலசேகரம், மலை தொடங்கும் இடம் வரை. கடல் திரும்பி வரவில்லை. அன்றைக்கும் இல்லை, அந்த மாதத்திலும் இல்லை. உலகத்தில் எந்தக் கரைக்கும் திரும்பவில்லை என்று டிவி சொன்னது. பிறகு டிவி நின்றது. மழைமேகம் வரவில்லை. ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு, மறுபடி துளிர்க்காமல் நின்றன.

தோட்டக்காரர் ஸ்ரீகுமார் கடற்கரைக்காரர்களுக்குத் தன் புகைப்புரையை ஒழித்துக் கொடுத்திருந்தார். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் அந்தக் கட்டிடத்துக்கு ஜன்னல் கிடையாது. புளித்த பாலும் கரியும் கலந்த வாடை பாயில், தலைமுடியில், சோற்றில் இருந்தது. முதல் வாரம் அவர் மரச்சீனிக் கிழங்கு கொடுத்தனுப்பினார். பிறகு கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார். கையில் ரப்பர் பால்வெட்டும் கத்தியோடு கிணற்றங்கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஓய், கடலுக்காரரே," என்பார் யேசுரத்தினத்தைப் பார்த்து. "உங்க கடலு போச்சு. இனி எங்க கெணறும் வேணுமா?"

"ஒரு செம்பு வெள்ளம் போரும் மொதலாளி. மருமவளுக்கு."

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு செம்புன்னா எனக்கு எத்தனை செம்பு ஓய் மிஞ்சும்?"

பங்குச்சாமி மாலைதோறும் ஜெபமாலை சொன்னார். வரப்போகும் புதிய பூமியில் கடலே கிடையாது, ஆண்டவர் வாக்குக் கொடுத்ததுதான் இப்போது நடக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். இருட்டிலிருந்து யேசுரத்தினத்தின் குரல் வந்தது.

"கடலு இல்லாத மோட்சம் எனக்கு என்னத்துக்கு சாமி? அதுக்கு நரகத்தில ஒரு குளம் இருந்தா நான் அங்க போறேன்."

யாரோ சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. உடனே அடங்கிவிட்டது.

அன்றிரவு அவர் அபினாவிடம் மெதுவாகச் சொன்னார். "நாம பெல்லு அடிக்கல்ல மக்கா."

அவளுக்குப் புரிந்தது. அந்த ஊரில் ஒரு வள்ளம் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லையென்றால், அந்தியில் கோயில்மணியை அடிப்பார்கள். கரைமணி என்று பெயர். மூடுபனியோ கும்மிருட்டோ, மணி வரும் திசையில் வள்ளத்தை விட்டால் கரை. கடைசி ஆள் மணலில் கால் வைக்கும்வரை மணியை நிறுத்தக் கூடாது. டெனிஷ் சின்னப் பிள்ளையில் கயிற்றில் தொங்கித் தொங்கி அடிப்பானாம். இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு, பிறகு இரண்டு இழுப்பு. அவன் அடித்தால் ஊருக்கே தெரியும்.

"எல்லாரும் ஓடிட்டோம். மணி இல்லாம எம்பிள்ளை எந்தத் திக்கைப் பாத்து வருவான்?"

"ஒனக்க மாமி தெரேஸுக்கும் அடிக்கல்ல," என்றார். "அவ கடலுக்குப் போகல்லியே. அடுக்களையில நிண்ணவளைக் கடலு வந்துல்லா கொண்டு போச்சு. போகாதவளுக்கு எப்பிடி மணி அடிக்கன்னு அண்ணைக்கு விட்டுட்டாவ. இத்தனை வருசமும் அது எனக்கு நெஞ்சில கெடக்கு."

அபினாவுக்கு டெனிஷ் வரவேண்டும். அதற்கு மணி அடிக்கவேண்டுமென்றால் அடிக்கவேண்டும்.

விடியுமுன் இருவரும் இறங்கினார்கள். தக்கலையில் பேருந்துகள் சாலையிலேயே கிடந்தன. கடைகளுக்கு ஷட்டர் இல்லை. வெயில் சாயும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தபோது நாற்றம்கூட இல்லை. மீன், வலை, டீசல், கருவாடு எதன் வாடையும் இல்லை. காற்றே இல்லை. தெருவெங்கும் சுவர்கள் வெள்ளையாகப் பொரிந்திருந்தன. அவள் வீட்டுப் படியில் டெனிஷின் செருப்பு அவன் போட்ட மாதிரியே கிடந்தது. இடதின் மேல் ஊக்கு பளபளவென்றிருந்தது. கடல் போனதும் உப்புக்காற்றும் போய்விட்டது. துருப்பிடிக்க வைக்க எதுவும் இல்லை. அவள் செருப்பைக் குனிந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் சொன்ன நேரம் இன்னும் தாண்டவில்லை என்று நினைத்தாள்.

அந்தியில் கிழவர் கயிற்றைப் பிடித்தார்.

முதல் மணி, அலையில்லாத, காற்றில்லாத அந்த வெற்றிடத்தில் எங்கும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. கடற்சுவரைத் தாண்டியது. பாறைகளைத் தாண்டியது. மனிதக் குரல் ஒருபோதும் போயிராத அந்தக் கருத்த சரிவில் இறங்கி, இன்னும் இறங்கி, தேய்ந்து தேய்ந்து எங்கோ அடியில் எதன்மேலோ பட்டு நின்றதுபோல் அவளுக்குத் தோன்றியது. யேசுரத்தினம் இழுத்தார். மறுபடி இழுத்தார். வெளிச்சம் செம்மையாகி, சாம்பலாகி, மங்கியது. அவர் கை தளர்ந்தபோது, செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் கயிற்றைப் பிடித்தாள்.

அப்போது அது கேட்டது.

தூரத்தில். தாழ்வாக. பாயை இழுப்பதுபோல் ஒரு நீண்ட ஓசை. விரிந்து, நெருங்கி, ஓய்ந்து, மறுபடி விரிந்து. அபினாவின் கண்ணில் நீர் பெருகியது. கலியாணத்தன்று இரவு முழுக்க அவளைத் தூங்கவிடாமல் அடித்த அதே ஓசை.

"மாமா! கடலு! கடலு வருது!"

"அடி மக்கா. நிறுத்தாத." கிழவர் அழுதுகொண்டே சிரித்தார்.

வருவது அலையென்றால் ஓடவேண்டும். அவள் கயிற்றை அவரிடம் விட்டுவிட்டு மணிக்கூண்டின் படியில் ஏறிப் பார்த்தாள். நுரை தெரியவில்லை. கடல் வருகையில் முன்னால் வரும் குளிர்ந்த காற்று வரவில்லை. அடிவானத்திலிருந்து கரைவரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, தரை அசைந்துகொண்டிருந்தது.

ஓசை இன்னும் நெருங்கியது.

அது அலை இல்லை.

ஈரக்கால்கள்.

சேற்றில் ஊன்றி, சேற்றிலிருந்து பிடுங்கி, சேற்றில் ஊன்றும் கால்கள். எண்ண முடியாத கால்கள். எல்லாம் ஒன்றாக.

கடைசி வெளிச்சத்தில் முன்வரிசை தெரிந்தது. முண்டு மடித்துக் கட்டிய ஆண்கள். நைட்டி போட்ட பெண்கள். பித்தளைப் பித்தான் வைத்த கோட்டில் ஒரு வெள்ளைக்காரன். இடுப்பில் தோல் மட்டும் சுற்றிய ஒருவன். பிள்ளைகள். கடல் என்றைக்கோ, எங்கேயோ எடுத்துக்கொண்ட எல்லாரும். யாரும் ஊரைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் மேலே தூக்கியிருந்தது. மணியைப் பார்த்து. எல்லா வாயும் திறந்திருந்தது. ஒவ்வொரு வாயிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

கடல் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது.

"மாமா, நிறுத்துங்க! கயித்தை விடுங்க!"

"கடைசி ஆளு கரை ஏறாண்டாமா?"

"அது நம்ம ஆளுகள் இல்ல மாமா!"

"தெரேஸு," என்றார் கிழவர். அவர் அவளிடம் பேசவில்லை.

அவள் படியிலிருந்து விழுந்து எழுந்தாள். கோயிலின் பெரிய வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நீலச் சேலை. கையில் அகப்பை. யேசுரத்தினம் கயிற்றை விடாமல் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் பின்னால் ஒரு தோள். அதன் பின்னால் இன்னொன்று. ஈரம் தரையில் பரவி அபினாவின் விரலைத் தொட்டது. குளிர்ச்சி.

அவள் பீடத்துக்குப் பின்னாலிருந்த சங்கீர்த்தி அறை வழியாக வெளியே பாய்ந்தாள்.

ஓடினாள்.

பின்னால் மணி அடித்தது. கிழவரின் இழுப்பு. கிழவரின் இழுப்பு. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு வேறு கைகள்.

மலையில் யாரும் அவளை நம்பவில்லை. மறுநாள் அந்தியில் மணி கேட்டபோது நம்பினார்கள். குளச்சல் கோயில்மணி குலசேகரத்துக்கு ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது புகைப்புரையின் ஜன்னலில்லாத சுவருக்குள்ளும் கேட்டது. யாரிடமோ பேட்டரி ரேடியோ இருந்தது. அது சாகும்வரை ஒவ்வொரு கரையிலிருந்தும் ஒரே சேதி. ஒரு நாட்டில் மணி. ஒரு நாட்டில் சங்கு. ஒரு நாட்டில் பாங்கு. கூப்பிடாத கரை உலகத்தில் இல்லை. எல்லாக் கரையிலும் யாரோ யாருக்காகவோ, தத்தம் தெய்வத்தை நம்பிக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அங்கிருந்து திருப்பிக் கூப்பிடுகிறார்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது.

அந்திதோறும் யாராவது எழுந்தார்கள். பக்கத்துப் பாயில் கிடந்தவள் கூந்தலை முடிந்துகொண்டு, "என்னைய தேடுதாவ," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பங்குச்சாமி ஜெபமாலையின் நடுவில் போனார். பிடித்து இழுத்தால் கடித்தார்கள். விட்டால் சாந்தமாக நடந்தார்கள்.

ஒருநாள் ஸ்ரீகுமார் கத்தியைக் கிணற்றங்கரையில் வைத்தார். பூட்டைத் திறந்தார். மூடியைத் தள்ளினார்.

"எடுத்துக் குடி பிள்ளே," என்றார் அபினாவிடம். அவர் குரலில் அவ்வளவு கனிவை அவள் கேட்டதில்லை. "இனி யாருக்கு?"

அவர் குடும்பத்தில் யாரும் கடலில் செத்ததில்லை. அவர் கடலில் கால் நனைத்ததுகூட இல்லை. ஆனாலும் போனார்.

இப்போது புகைப்புரையில் அவள் மட்டும். வெயில் சாயுமுன் ரப்பர் ஷீட் தொங்கவிடும் மூங்கிலோடு தன் காலைச் சேலையால் கட்டிக்கொள்கிறாள். முடிச்சின்மேல் முடிச்சு. காதில் மெழுகு. வாயில் ஜெபமாலையின் சிலுவை. யாரிடம் ஜெபிப்பது என்று தெரியாமல், பழக்கத்தில் ஜெபிக்கிறாள்.

நேற்றுவரை மணி யாரோ அடிப்பதுபோல் அடித்தது.

இன்றைக்கு, இரண்டு இழுப்பு. ஒரு மூச்சு. இரண்டு இழுப்பு.

மெழுகைத் தாண்டிக் கேட்கிறது. அவள் கை முடிச்சுக்குப் போகிறது. அவள் போகச் சொல்லவில்லை. முதல் முடிச்சு அவிழ்கிறது. வாசலுக்கு வெளியே, உலர்ந்த ரப்பர்ச் சருகின்மேல், ஓர் ஈரக்கால். பிறகு இன்னொன்று. படிவரை வந்து நிற்கிறது. எதிலோ காலை நுழைப்பதுபோல் ஒரு சிறு உரசல்.

படியில் அவள் வைத்திருந்தது டெனிஷின் செருப்பு. இடது வாரில் ஊக்கு இன்னும் துருப்பிடிக்கவில்லை.