பொட்டு வைத்த பிளாப்பி

புதன்கிழமை மாலை ஷிப்ட்.

செல்லையாவின் உடல் தேயிலை அரைக்கும் ரோலருக்குள் இருந்தது.

முக்கால்வாசி!

மறுநாள் காலை. 1984-ன் குன்னூர் குளிர். எஸ்டேட் ஆபீஸ்.

"கால் வழுக்கி விழுந்துட்டானுங்க" என்றார் ஹெட் கிளார்க் சின்னராஜ்.

"சிலோன்ல இருவது வருசம் ரோலர் ஓட்டுனவருங்க ஐயா!" மருதாயி இன்ஸ்பெக்டர் வேலுசாமியின் காலில் விழுந்தாள். "எம் புருசன் வழுக்கி விழ மாட்டாருங்க!"

"அழுது முடிச்சிட்டியா? எஸ்டேட் குடுத்த லயத்துக் காம்பராவைக் காலி பண்ணு!" என்றார் சின்னராஜ்.

வேலுசாமி நிமிர்ந்தார். "செல்லையாவோட பதிவைக் காட்டுங்க."

"கம்ப்யூட்டர்ல புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, எல்லாத்தையும் அதுல ஏத்தினேனுங்க. செவ்வாக்கிழமை காலைலயே படுத்துருச்சு. பழைய ரெஜிஸ்டரை பாய்லர்ல போட்டாச்சு. இந்த டிஸ்க்கையும் போட்டுரலாமுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அந்த டிஸ்க்கைப் பொருத்திய கம்ப்யூட்டர் மெக்கானிக் எட்மண்ட், போலீஸ் கூப்பிட்டதும் கோவையிலிருந்து ஓடி வந்தான்.

"மாட்டினது நானுங்க சார். கோளாறுன்னா மொத விலங்கு எனக்குத்தான். கொஞ்சம் லூசா மாட்டுங்க!"

கேபிளை அழுத்தினான். கார்டைக் கழற்றி மறுபடி செருகினான்.

டிஸ்க்கில் விளக்கு எரிந்தது. ஆனால் திரையில்... டிஸ்க்கே இல்லை!

"ஏனுங்கண்ணா, எந்த பிளாப்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பறீங்க?"

சின்னராஜ் நீட்டினார். உறையெல்லாம் சந்தனம், குங்குமம்.

"ஆயுத பூஜைல பொட்டு வெச்சது. திங்கக்கிழமை நீங்க குடுத்ததைப் போட்டேன்; செவ்வாயானா இதைத்தான் போடுவேன். டிஸ்க் படுத்ததுக்கப்புறம் தெனமும் இதேதான்... ராசியானதுங்க."

"ராசி இருக்குது, டிரைவர் இல்லீங்களே! புது டிஸ்க் வந்திருக்குன்னு மெஷினுக்குச் சொல்ற புரோகிராம் அது. நான் குடுத்த பிளாப்பியிலதான் இருக்கு. டிஸ்க் சாகலைங்கண்ணா!"

சின்னராஜுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

"வே... வேண்டாமுங்க!"

எட்மண்ட் தன் பிளாப்பியைச் செருகினான்.

டிஸ்க் திறந்தது!

காலி வீட்டுப் பட்டியல். கடைசியாகப் பதிந்தது: திங்கட்கிழமை.

ஏழாம் நம்பர் காம்பரா. செல்லையா... மரணம், புதன்கிழமை. புதிதாகக் குடிவருபவர்... சின்னராஜின் மச்சினன்!

"ஏனுங்க கிளார்க்," வேலுசாமி விலங்கை எடுத்தார். "புதன்கிழமைச் சாவைத் திங்கக்கிழமையே எழுதிட்டீங்களா?"

"பட்டியல் மேலாபீசுக்கு மாசத்துக்கு ஒருக்கா, திங்கக்கிழமைதானுங்க போகும்..." சின்னராஜ் உடைந்தார். "விட்டா அடுத்த மாசமுங்க..."

எட்மண்ட் சிரிக்கவில்லை.

அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது.

மருதாயி... மரணம், வெள்ளிக்கிழமை.

அன்று வியாழன்!

படிக்கத் தெரியாத மருதாயி திரையையே பார்த்தாள். "என்னாங்க தம்பி எழுதியிருக்கு?"

எட்மண்ட் திரையை அவள் பக்கமிருந்து திருப்பினான்.

"ஒண்ணுமில்லீங்கம்மா... நாளைல இருந்து உங்களுக்கு கிளார்க் லீவு போட்டு வெச்சிருக்காரு. நீங்க எடுத்துக்காதீங்க!"