அளவுவீடு

ஆவுடையப்பனுக்கு அந்தச் சமையலறையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. மணிக்கட்டில் எண்பத்தேழு என்று விழுந்தது. வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

“மொட்டை மாடிக்கு இன்னொரு தடவ போயிப் பாத்துட்டு வாங்களேன் சார். அங்கன நின்னா காத்து அப்படி வரும்,” என்றார்.

“பாத்தாச்சு அண்ணாச்சி. அதுவும் சேந்துதான் எம்பத்தேழு.”

“பக்கத்து வீட்டுக்குத் தொண்ணூறு போட்டியளாமே?”

“அங்க மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவுல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. என்னால தாங்க முடியல.”

வீட்டுக்காரர் உள்ளே திரும்பி யாரையோ முறைத்தார்.

இப்போதெல்லாம் வீடுகளுக்கு மதிப்புப் போடுவது இப்படித்தான். சதுர அடி, சுவரின் உறுதி, தண்ணீர், சாலை எல்லாவற்றையும் எந்திரம் ஒரு நிமிடத்தில் அளந்துவிடும். ஒரு காலத்தில் மதிப்பையும் அதனிடமே விட்டிருந்தார்கள். அது நான்காயிரம் வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்கு ஆகா ஓகோ என்று மதிப்புப் போட்டது. ஒரு ஈ காக்கை கூடக் குடிவரவில்லை. எந்திரத்துக்கு எல்லாம் தெரியும், ஒரு வீட்டைப் பார்த்து ‘நமக்கு இப்படி ஒண்ணு அமையலையே’ என்று மனசு அடித்துக்கொள்ள மட்டும் தெரியாது. விலை என்பதே அந்த அடித்துக்கொள்ளல்தான் என்று புரிய அத்தனை வீடுகள் பாழாக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஏக்கமானி. பிடரியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொட்டு. நரம்பின் துடிப்பையும் ரத்தத்தில் சுரப்பதையும் படித்து, பார்ப்பவன் எவ்வளவு ஏங்குகிறான் என்பதை மணிக்கட்டில் எண்ணாகக் காட்டும். ஆனால் யார் ஏங்கினாலும் கணக்கில் சேருமா? ஒருவன் குடிசையைப் பார்த்தும் ஏங்குவான், இன்னொருவன் அரண்மனையைப் பார்த்துக் கொட்டாவி விடுவான். ஆகவே ஏங்குவதற்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

அந்த உரிமம் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பட்டம் வேண்டும். உரிமம் பெற்ற ஒருவரிடம் இரண்டு வருடம் பயிற்சி. முந்நூறு வீடுகளுக்குப் போய் முறைப்படி ஏங்கியதற்குச் சான்று. அப்புறம் எழுத்துத் தேர்வு. வாங்கிய பிறகும் விடமாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இருபத்தெட்டு மணி நேரம் வகுப்பு. அதில் நான்கு மணி நேரம் தொழில் ஒழுக்கம். பாதிப் பேர் தூங்குவார்கள். மதிப்பீட்டாளர் சொந்த வீடு வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்துக்கொண்டால் ஏக்கம் மழுங்கிவிடும். உறவினர் வீட்டை மதிப்பிடக் கூடாது. வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ரச வாசனை ஒன்றே எட்டுப் புள்ளி ஏற்றிவிடும்.

இவ்வளவையும் தாண்டி, அளவுவீடு.

பாளையங்கோட்டையில் மதிப்பீட்டு இயக்ககத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது அது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், பின்னால் ஒரு முருங்கை மரம். உள்ளே ஒரு குடும்பம் நிம்மதியாக வாழ்கிறது. கடைக்காரனின் எடைக்கல்லை வருஷா வருஷம் சோதித்து முத்திரை போடுவது போல, உரிமம் புதுப்பிக்க வரும் ஒவ்வொருவரையும் அந்த வீட்டுக்குள் நிறுத்திப் பார்ப்பார்கள். நூறு காட்ட வேண்டும். ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். அதைத் தாண்டினால் உன் ஏக்கம் பழுது, வீட்டுக்குப் போ.

மற்றவர்களுக்கு அது வெறும் சோதனை. ஆவுடையப்பனுக்குத்தான் சங்கடம், ஏனென்றால் அளவுவீட்டில் குடியிருந்தவர் அவனுடைய சகலை குற்றாலிங்கம்.

இருவரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். குற்றாலிங்கம் முதல் தடவையே தேர்ச்சி. ஆவுடையப்பன் மூன்று தடவை தோற்று நான்காவதில் கரையேறினான். பெண் பார்க்கப் போன வீட்டில் அக்கா சங்கரி குற்றாலிங்கத்துக்கு, தங்கை லோசனி இவனுக்கு. அதிலும் மாமனார் முதல் பந்தியில் சகலையைத்தான் உட்கார வைப்பார். நான்கு வருடத்தில் குற்றாலிங்கம் ‘போதும்’ என்று உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த மறுமாதமே அரசாங்கம் கூப்பிட்டு அளவுவீட்டின் சாவியைக் கையில் வைத்தது. அட, வேலையை விட்டவனுக்கு வீடு! விடாமல் மாரடிக்கிறவனுக்கு ஒழுகுகிற வாடகைப் பொந்து! பன்னிரண்டு வருடமாக ஆவுடையப்பன் இதை நினைக்காமல் ஒரு நாளும் பல் துலக்கியதில்லை.

உறவினர் வீடு ஆயிற்றே என்று எழுதிப் போட்டும் பார்த்தான். அது அரசாங்கத்தின் வீடு, யாருடைய உறவினர் வீடும் அல்ல என்று பதில் வந்தது.

ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் அவன் எண் நூற்றைத் தாண்டிக் குதிக்கும். சாக்கடை நாற்றத்தை நினைப்பான், பல்வலியை நினைப்பான், எப்படியோ நூற்றைந்துக்குள் அடக்கிவிடுவான். போன முறை முடியவில்லை. நூற்றொன்பது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இந்த முறையும் தாண்டினால் உரிமம் ரத்து.

“அங்க போயிப் பொருமாதிய,” என்றாள் லோசனி, காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. “உரிமம் போச்சுன்னா இந்த நாப்பத்தெட்டு வயசுல எந்த வேலைக்குப் போவிய? பொறாமைப்படுறதத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்?”

“உங்க அக்காகாரிய சிரிக்காம இருக்கச் சொல்லு. நான் பொருமாம இருக்கேன்.”

“சிரிக்கத்தான் செய்வா. அந்த வீட்டுல இருந்தா நானுந்தான் சிரிப்பேன்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

சோதனை அதிகாரி மெர்லின் ஜெபாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பொட்டை ஒட்டிவிட்டு, கதவைத் திறந்து, “போங்க சார், வழக்கம்போல நின்னு பாருங்க,” என்றாள்.

குற்றாலிங்கம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து உளுந்தவடை வாசனை. சங்கரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பத்து வயதுப் பெண் கூடத்தில் உட்கார்ந்து பாடம் படித்தது. அது சகலையின் மகள் இல்லை, இயக்ககம் அமர்த்திய பிள்ளை என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. இந்த மனுஷனுக்குப் பிள்ளையைக்கூட அரசாங்கம் அனுப்பி வைக்கிறதே!

சாக்கடையை நினைத்தான். பல்வலியை நினைத்தான். ஒன்றும் எடுபடவில்லை.

“நூத்திமுப்பத்தொண்ணு,” என்றாள் மெர்லின். அவளுக்கே பாவமாக இருந்தது போலும். “கால் மணி நேரம் தாரேன் சார். பின்னால போயி முகம் கழுவிட்டு வாங்க. இன்னொரு தடவ பாப்போம். ஆனா அதுதான் கடைசி.”

ஆவுடையப்பன் பின்பக்கம் ஓடினான். முருங்கை மரத்தடிக் குழாயில் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். பின்னால் துண்டோடு ஆள் வந்து நின்றது. குற்றாலிங்கம்தான்.

“எவ்வளவு கொறையணும் சகல?”

ஆவுடையப்பன் மறுபடியும் தண்ணீரை அள்ளினான். குற்றாலிங்கமே அவன் கையைப் பிடித்து மணிக்கட்டைப் பார்த்தார். “இருவத்தாறா? அதுக்கென்ன, நான் கொறைச்சுத் தாரேன். கேளுங்க. அந்தப் பிரம்பு நாற்காலி இருக்கே, அதுல ஒரு பிரம்பு முதுகுல குத்துது. பன்னெண்டு வருஷமாக் குத்துது. மாத்தக் கூடாதாம். மாத்தினா அளவு மாறிருமாம்.”

நூற்றிருபத்து நான்கு.

“உளுந்தவடை தினசரி சுடணும். வாசனை சுவத்துல ஊறிக் கெடக்கணுமாம். எனக்கு உளுந்து ஆகாது சகல. நெஞ்சு கரிக்கும்.”

நூற்றுப் பதினைந்து. ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“எங்க அப்பா படத்த மாட்ட ஒரு ஆணி அடிக்க விடமாட்டாங்க. பீரோவுக்குள்ள வச்சு, கதவத் தொறந்து கும்பிட்டுட்டு மூடிருதேன்.”

“நூத்திமூணு! போதும் சகல, நிறுத்துங்க!” என்று கத்தினான் ஆவுடையப்பன். உள்ளே ஓடப் போனான்.

ஆனால் குற்றாலிங்கம் துண்டின் மறுமுனையை விடவில்லை. பன்னிரண்டு வருடமாக யாரிடமும் தன் குறையைச் சொல்லாத மனிதர். நிம்மதியாக இருப்பதுதானே அவர் வேலை! ஒரு தடவை மடை திறந்த பிறகு அவரால் அடைக்க முடியவில்லை.

“எம்மவ தேன்மொழிக்குப் பதினொரு வயசு ஆன அன்னைக்கே விடுதிக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வயசுக்கு மேல ஆகக் கூடாதாம். லீவுக்கு வந்தா வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிருதா. ஒரு ராத்திரி தங்கினதில்ல சகல.”

எண்பது. மகளைப் பெரிய பள்ளியில் சேர்த்திருக்கிறார் என்று அதற்கும் ஆவுடையப்பன் பல வருடம் பொருமியிருந்தான்.

“அன்னையிலருந்து சங்கரி எங்கிட்ட பேசுறதில்ல. நீங்கள்லாம் வந்தாச் சிரிப்பா. வெளிய போனதும் அவ ஒரு ரூம்பு, நான் ஒரு ரூம்பு.”

நாற்பத்திரண்டு.

“ஐயோ சகல, என் பொழப்பக் கெடுத்துராதிய!” ஆவுடையப்பன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். “தொண்ணூத்தஞ்சாவது வேணும். கொஞ்சம் பெருமையடிங்க. ஏதாவது பீத்திக்கிடுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கேன்!”

“பெருமையா?” குற்றாலிங்கம் யோசித்தார். நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “எங்கிட்ட என்ன கெடக்கு பீத்திக்கிட? ஒண்ணே ஒண்ணு உண்டு. இங்க வாரவங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவேன். என் சகல மூணு தடவ தோத்தும் விடாம எழுதி முதல் நிலை உரிமம் வாங்கினவரு, இன்னைக்கும் எந்த வீட்டப் பாத்தாலும் ஆச வருது அவருக்குன்னு. எனக்கு எதப் பாத்தும் ஒரு எழவும் தோணல. உங்களப் பத்திச் சொல்லுறப்பதான் எனக்கு நெஞ்சு நிமிரும் சகல.”

ஆவுடையப்பன் மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாகச் சகலையின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது.

“சார், நேரமாச்சு,” என்று கூப்பிட்டாள் மெர்லின்.

கூடத்தின் நடுவில் போய் நின்றான். பிரம்பு நாற்காலி, பாடம் படிக்கும் பிள்ளை, வடை வாசனை. எதன் மேலும் ஒரு இம்மி ஆசை எழவில்லை. மெர்லின் தன் பலகையைப் பார்த்தாள், தட்டினாள், மறுபடி பார்த்தாள்.

“ஒம்பது,” என்றாள். “உரிமம் ரத்துதான் சார். என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

அவன் பொட்டைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தான். லோசனியிடம் என்ன சொல்வது? அதற்குள் மெர்லின் யாரிடமோ பேசி முடித்து, முகம் மலர்ந்து ஓடி வந்தாள்.

“சார், நில்லுங்க. ஒத்தை இலக்கம் வந்தா விடக் கூடாதுன்னு உத்தரவு. வீட்டு மேல ஆசையே இல்லாதவங்கதான் இங்க நிம்மதியா இருப்பாங்கங்கிறது இயக்ககத்தோட முடிவு. குற்றாலிங்கம் சாரும் உரிமத்தத் திருப்பிக் கொடுக்க வந்தப்ப எட்டு வாங்கித்தான் உள்ள வந்தாரு. அவரு ஏழு தடவ விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டாரு. மாத்து ஆள் கெடைக்காமத்தான் இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. அடுத்த மாசத்துலருந்து நீங்க குடி வந்துருங்க.”

துண்டோடு பின்னாலேயே வந்திருந்த சகலையை ஆவுடையப்பன் பார்த்தான். சகலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் உரிமம் இல்லை, வேறு தொழில் தெரியாது. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் லோசனி அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். “அக்கா இருந்த வீடா? நமக்கா?” என்று நாலு தடவை கேட்டாள். முருங்கை மரத்தடியில் கேட்டதையெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்த்தான். “ஆணி அடிக்காட்டி என்ன, குடியா முழுகிப் போகும்?” என்றாள் அவள்.

குடிவந்த மூன்றாம் மாதம், மெர்லின் முதல் ஆளைச் சோதனைக்கு அழைத்து வந்தாள். புது உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்த குற்றாலிங்கம். பிடரியில் பொட்டோடு வந்து கூடத்தில் நின்றார். ஆவுடையப்பன் பிரம்பு நாற்காலியில் முதுகை நெளித்துக்கொண்டு செய்தித்தாள் பிடித்திருந்தான். லோசனி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு இன்னும் நிஜச் சிரிப்பாகவே இருந்தது.

குற்றாலிங்கம் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தார். வாடகை வீட்டுக்கு அலைந்து கறுத்திருந்தார்.

“நூறு,” என்றாள் மெர்லின். “சரியா நூறு. உரிமம் கெடைச்சாச்சு சார்.”

குற்றாலிங்கத்தின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

“குடுத்துவச்சவரு சகல நீங்க,” என்றார்.

ஆவுடையப்பன் செய்தித்தாளைத் தாழ்த்தி, மெல்லிய குரலில் கேட்டான். “அன்னைக்கு அவ்வளவு சொன்னியளே சகல. அதெல்லாம் மறந்து போச்சா?”

“என்ன சொன்னேன்?” குற்றாலிங்கம் வீட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “இந்த வீட்டுக்கு என்ன சகல கொற?”